எம்.எஸ்.: ஸ்கேன் சொல்வதும் ஊர் சொல்வதும்

நரம்பியல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும் எம்.எஸ். நோயாளியை மடியில் இருக்கும் பையை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். ஜவுளிக்கடைப் பை, உள்ளே நாலைந்து வருடத்துக் காகிதம். ஒரு கண் மங்கியபோது கண் மருத்துவமனையில் கொடுத்த சீட்டு. கால் மதமதத்தபோது எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த இடுப்புப் பட்டை. "நரம்பு வீக்கா இருக்கு" என்று தெருமுனை கிளினிக்கில் போட்ட பி-காம்ப்ளெக்ஸ் ஊசிகளின் கணக்கு. கை காலில் லேசாக ஷாக் கொடுத்துப் பார்த்த நரம்புக் கடத்தல் சோதனை, அதில் 'நார்மல்'. கடைசியாக ஒரு தலை ஸ்கேன். ஒவ்வொரு காகிதமும் அன்றைய தேதிக்குச் சரிதான். எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரே மூச்சில் படித்தவர்தான் யாருமில்லை.

எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைக் கண்டுபிடிப்பது பெருமளவு அந்த அடுக்கும் வேலைதான். நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மைலின் என்ற கொழுப்புறையை அரிக்கிறது. தடித்த உறை போர்த்திய இழைகளில் செய்தி நொடிக்கு நூறு மீட்டர் வேகம் வரை ஓடும். உறை போன இடத்தில் தயங்கும், சில சமயம் நின்றே போகும். பார்வை நரம்பில் அரித்தால் கண் மங்கும். தண்டுவடத்தில் அரித்தால் கால் கனக்கும், சிறுநீர் அடங்காது. கழுத்தைக் குனிந்தால் முதுகு நெடுக ஷாக் அடித்தாற்போல் ஓடும். சில வாரங்களில் வீக்கம் தணிந்து பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது: அந்த வாரம் யார் என்ன ஊசி போட்டிருந்தாலும் குணமானதாகத்தான் தோன்றும். பெயர் அவருக்குப் போகும், நோய் அடுத்த இடத்துக்குப் போகும்.

பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான்-மார்ட்டின் ஷார்க்கோ இந்த நோயைத் தெளிவாக வரையறுத்தது 1868இல். நெடுங்காலமாக மருத்துவர்கள் தேடிவருவது இரண்டைத்தான்: இடம், காலம். மைய நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட காலத்தில் சேதம் நடந்திருக்கிறதா? 2001இல் இயன் மெக்டொனால்டு தலைமையில் வகுக்கப்பட்டு, கடைசியாக 2024இல் திருத்தப்பட்ட விதிமுறைகளும் இதிலிருந்தே வளர்ந்தவை, 'காலம்' என்ற நிபந்தனை இப்போது தளர்ந்திருந்தாலும். ஊரில் புழங்கும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறப்பதால் முளைத்தவை.

நரம்புக் கடத்தல் சோதனையை முதலில் ஒதுக்கிவிடலாம். அது கை கால்களில் ஓடும் வெளி நரம்புகளைப் பார்க்கும் சோதனை. எம்.எஸ். அங்கே இல்லை. எனவே 'நார்மல்' என்று வருவதுதான் எதிர்பார்க்க வேண்டியது. அதைக் காட்டி "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று அனுப்புவது வீட்டுச் சாவியைத் தெருவிளக்கின் கீழ் மட்டும் தேடுகிற கதைதான்.

"அது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதி"

குளிர்நாடுகளில் அதிகம் என்பது உண்மை. இங்கே இல்லை என்பது உண்மையில்லை. உலகெங்கும் சுமார் 28 லட்சம் பேர் என்பது 2020இல் எடுத்த கணக்கு. மங்களூர் நகரத்தில் நடத்தி 2014இல் வெளியான கணக்கெடுப்பில் லட்சம் பேருக்கு எட்டுப் பேர் அளவில் எம்.எஸ். இருந்தது. மும்பைப் பார்சிகளிடம் லட்சத்துக்கு இருபதைத் தாண்டும் என்று 1980களிலேயே பதிவாகியிருக்கிறது. ஸ்கேன் இயந்திரங்கள் நம் ஊர்களுக்கு வந்த பிறகு கண்டுபிடிப்பும் கூடியது. முன்பு 'வாதம்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பேர் அடங்கிப்போனார்கள் என்பதை இனிமேல் யாரும் எண்ணிச் சொல்ல முடியாது.

தோலின் நிறத்தில் இல்லை விஷயம் என்பதற்கு நல்ல சான்று பிரிட்டனில் கிடைத்தது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து அங்கே குடியேறியவர்களுக்கு எம்.எஸ். அரிது. அவர்களுக்கு அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ உள்ளூர் ஆங்கிலேயருக்கு நெருக்கமான அளவில் வந்தது. இதைச் சொன்ன ஆய்வு வெளியானது 1990இல். லண்டனிலும் டொராண்டோவிலும் பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் "நம்ம பரம்பரையிலேயே கிடையாது" என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

காரணம் என்ன என்ற கேள்விக்கு 2022இல் ஒரு பெரிய துப்பு கிடைத்தது. அமெரிக்க ராணுவத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களில் எம்.எஸ். வந்தவர்களின் சேமித்த ரத்த மாதிரிகளை வராதவர்களுடையவற்றோடு ஒப்பிட்டதில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவது தெரிந்தது. உடனே "வைரஸா, அப்போ ஒட்டிக்குமா?" என்ற கேள்வி வரும். அந்த வைரஸ் நம்மில் கிட்டத்தட்ட எல்லார் உடலிலும் ஏற்கெனவே இருக்கிறது. எம்.எஸ். வருவது மிகச் சிலருக்கு. நோயாளி ஒருவரிடமிருந்து எம்.எஸ். யாருக்கும் ஒட்டாது, தட்டைத் தனியாக எடுத்து வைக்க வேண்டியதில்லை.

"ஸ்கேன்ல வெள்ளைப் புள்ளி இருக்காம், எம்.எஸ்.தானாம்"

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஏனென்றால் இந்த நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதைப் போலவே, இல்லாதவருக்கு இருப்பதாகச் சொல்வதும் இன்று பெரிய தீங்கு.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் வெண்பகுதியில் புள்ளிகள் தெரிவதற்குக் காரணங்கள் பல. ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், சும்மா வயது. ஸ்கேன் சென்டரில் அறிக்கை எழுதுகிறவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. 'டிமைலினேஷனாக இருக்கலாம், மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று எழுதிவிடுகிறார். அவர் எழுதியது நியாயமான வாக்கியம். வீட்டுக்கு வரும் வழியில், செல்போனில் தேடி முடிப்பதற்குள், அந்த 'லாம்' உதிர்ந்து 'தான்' ஆகிவிடுகிறது.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள இரண்டு எம்.எஸ். மையங்களுக்கு ஏற்கெனவே எம்.எஸ். என்று முத்திரை குத்தப்பட்டு வந்த 241 பேரை மறுபடி ஆராய்ந்தார்கள். 2019இல் வெளியான முடிவு: கிட்டத்தட்ட 18 சதவீதம் பேருக்கு அந்த நோயே இல்லை. அவர்களில் அதிகம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி. இல்லாத நோய்க்கு வருடக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் அதில் உண்டு. இது வசதி குறைந்த ஊரில் நடந்ததல்ல.

தேர்ந்த கண் புள்ளிகளை எண்ணுவதற்கு முன் அவை எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கும். மூளையின் நீரறைகளை ஒட்டி, அதற்குச் செங்குத்தாக விரல் நீட்டினாற்போல் நிற்கிறதா? புறணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? சிறுமூளை, மூளைத்தண்டில் உண்டா? தண்டுவடத்தில் உண்டா? 2024 திருத்தத்தில் பார்வை நரம்பும் ஐந்தாவது இடமாகச் சேர்ந்தது. புள்ளியின் நடுவே ஒரு சிறு சிரை ஓடுகிறதா என்று பார்ப்பதும் சேர்ந்தது, எம்.எஸ். புள்ளிகள் சிரையைச் சுற்றியே பிறப்பவை. தண்டுவட ஸ்கேன் எடுக்காமல் தலையை மட்டும் எடுத்து முடிவு கட்டுவது அரைகுறை வேலை. வயதும் ரத்த அழுத்தமும் தண்டுவடத்தில் புள்ளி போடுவது அரிது என்பதால் அங்கே ஒன்று கிடைத்தால் அதன் மதிப்பு கூடுதல்.

நம் ஊரில் இன்னும் சில பெயர்களை விலக்கியாக வேண்டும். மூளைக் காசநோய். ஆண்டுக்கணக்கில் கவனிக்காத பி12 குறைபாடு. எச்.ஐ.வி. எல்லாவற்றுக்கும் மேலாக நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ. இதுவும் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும். ஆனால் வேறு நோய். அக்குவாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான எதிரணு காரணம் என்பது 2004-05இல் தெளிவானது. தண்டுவடத்தில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கும் மேலாக நீண்ட காயம், இரண்டு கண்ணும் ஒருசேர மங்குவது, நாள்கணக்கில் நிற்காத விக்கலும் வாந்தியும் இதன் அடையாளங்கள். விக்கலுக்கு வயிற்று டாக்டரிடம் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டு திரும்பியவர்கள் உண்டு. எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் போன்ற மருந்துகளை என்.எம்.ஓ. நோயாளிக்குக் கொடுத்தால் நோய் மூர்க்கமாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே, சந்தேகம் இருந்தால் அந்த எதிரணு ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது. முடிந்தால் ஸ்டீராய்டு ஏற்றும் முன்பே ரத்தம் எடுக்க வேண்டும்.

எம்.எஸ்.ஸுக்கென்று 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' சொல்லும் ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்ற நோய்களை விலக்கத்தான் அத்தனை குழாய் ரத்தம்.

புள்ளியே இல்லாதபோது "மனசுல ஏதோ, வேலைக்குப் போக இஷ்டமில்ல" என்று சொல்வது இதன் மறுபக்கம். உலகப் புகழ்பெற்ற செலோ கலைஞர் ஜாக்குலின் து ப்ரேவுக்கு விரல்கள் உணர்விழந்தபோது மன அழுத்தம் என்றே முதலில் சொல்லப்பட்டது. எம்.எஸ். என்று 1973இல் தெரிந்தது. 1987இல் 42 வயதில் இறந்தார். அவருக்கு நோய் தெரிந்தபோது எம்.ஆர்.ஐ. இல்லை, நோயைத் தடுக்கும் மருந்தும் இல்லை. இன்று இரண்டும் இருக்கின்றன. இளம்பெண் மதமதப்பு என்று சொன்னால் 'டென்ஷன்' என்று எழுதும் பழக்கம் மட்டும் மாறாமல் இருக்கிறது. எம்.எஸ். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரு மடங்குக்குமேல் வருகிறது, அதுவும் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில்.

"முதுகுல தண்ணி எடுத்தா கால் விழுந்துடும்"

மூளைத் தண்டுவட நீரைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே எழுந்து வெளியே போய்விடுவதுண்டு. சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் இருபது வருடமாக இடுப்பு வலி என்று சொல்லும் பெரியம்மா ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். அவரை மீறி கையெழுத்து வாங்குவது சுலபமில்லை.

நடப்பது இதுதான். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால் வயிற்றைத் தொடுமளவுக்குச் சுருண்டுகொள்ளச் சொல்வார்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டுப் பார்த்து, அதே மட்டத்தில் முதுகெலும்பின் மூன்றாவது-நான்காவது அல்லது நான்காவது-ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புக்கு இடையே மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, மெல்லிய ஊசியை நுழைப்பார்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடத்தில் தண்டுவடமே இல்லை. நீரில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டும்தான், அவை ஊசிக்கு விலகிக் கொடுக்கும். எடுப்பது பத்துப் பதினைந்து மில்லி. உடல் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி நீரைப் புதிதாகச் சுரக்கிறது. கணக்குப் போட்டால் எடுத்தது முக்கால் மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

சிலருக்குத் தலைவலி வரும், எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். கூர்மழுங்கிய நுனியுள்ள ஊசி பயன்படுத்தினால் அதுவும் குறைவு. ஒரு நாள் முழுக்க அசையாமல் மல்லாந்து படுத்தால் தலைவலி வராது என்பதும் நம்பிக்கைதான், அதற்கு ஆதாரமில்லை.

அந்த நீரில் தேடுவது ஆலிகோகுளோனல் பட்டைகள் எனப்படும் எதிரணுத் தடங்கள். நீரை மட்டும் அனுப்பினால் போதாது, அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ரத்தத்தில் இல்லாத பட்டை நீரில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரத்தக் குழாயை மறந்துவிட்டு நீரை மட்டும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், குடும்பம் பட்ட பயமெல்லாம் வீண். மேலைநாட்டு நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் அளவில் இந்தப் பட்டைகள் தெரியும்; இந்தியர்களிடம் அந்த விகிதம் குறைவு. ஆகவே பட்டை இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்றாகாது. 2017 முதல் இந்தப் பட்டைகள் 'காலம்' என்ற நிபந்தனைக்கு ஈடாகவும் ஏற்கப்படுகின்றன. அதாவது இரண்டாவது தாக்குதல் வரட்டும் என்று காத்திருக்காமலே முடிவுக்கு வரலாம்.

"ஸ்டீராய்டு ஏத்துனதும் சரியாயிட்டா"

மீதைல் பிரட்னிசலோன் ஒரு கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாள் வரை சிரை வழியாக ஏற்றுவார்கள். மங்கிய கண் தெளியும், இழுத்த கால் நிமிரும். பார்ப்பவர்களுக்கு அற்புதம். ஆனால் ஸ்டீராய்டு செய்வது மீட்சியை விரைவாக்குவது மட்டும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஏற்றியவர், ஏற்றாதவர் இருவரின் பார்வையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பார்வை நரம்பு அழற்சியில் அமெரிக்காவில் நடத்தி 1992இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வழக்கமான அளவில் மாத்திரையாக மட்டும் பிரட்னிசோன் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது கூடியது. மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை வாங்கி விழுங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஆய்வின் நோயாளிகளைப் பதினைந்து வருடம் தொடர்ந்தார்கள். முதல் நாள் மூளை ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களில் நாலில் ஒருவருக்கு எம்.எஸ். வந்தது, ஒரு புள்ளியாவது இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு. கண் தெளிந்ததும் கதை முடிந்தது என்று கண் மருத்துவமனையிலிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"நல்லாத்தானே இருக்கேன், மருந்து எதுக்கு?"

இந்த நோயில் மிகப் பெரிய விலை கொடுக்க வைக்கும் நம்பிக்கை இதுதான் என்பது என் எண்ணம். காய்ச்சலுக்கு மாத்திரை, வலிக்கு மாத்திரை என்று பழகிய நமக்கு, ஒன்றும் செய்யாத நாளில் ஊசி போட்டுக்கொள்வது ஏற்க முடியாததாக இருக்கிறது. வெளியே தெரியும் ஒரு தாக்குதலுக்கு உள்ளே ஐந்து முதல் பத்துப் புதுப் புள்ளிகள் சத்தமில்லாமல் தோன்றுகின்றன. மூளை கொஞ்ச காலம் ஈடுகட்டிப் பார்க்கும். கையிருப்பு தீர்ந்தபின் நடை தளரும், மறதி வரும். அப்போது தொடங்கும் மருந்தால் போனதை மீட்க முடியாது. நோயின் போக்கை மாற்றும் மருந்துகள் எல்லாம் வருவதைத் தடுப்பவை. அவற்றைச் சாப்பிட்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்றால் அவை வேலை செய்கின்றன என்று பொருள்.

1993 வரை அப்படி ஒரு மருந்து கூட இல்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அனுமதி கிடைத்தது. 2010இல் முதல் மாத்திரை, ஃபிங்கோலிமோட். 2017இல் ஆக்ரெலிசுமாப், தொடக்கம் முதலே மெல்லச் சரியும் வகை எம்.எஸ்.ஸுக்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அது. "இதுக்கு மருந்தே கிடையாது" என்று யாராவது சொன்னால், அவர் முப்பது வருடத்துக்கு முந்தைய பாடப்புத்தகத்தை ஒப்பிக்கிறார். அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை, அது வேறு பேச்சு.

விலை? முன்பு அது நியாயமான பயம். ஃபிங்கோலிமோட், டைமீத்தைல் ஃபியூமரேட், டெரிஃப்ளூனோமைட் எல்லாம் இப்போது இந்திய நிறுவனங்களின் ஜெனரிக்காகவே கிடைக்கின்றன. எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்னொரு மருந்தான ரிடுக்சிமாபின் நகலை உலகில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், 2007இல். பெட்டியோடு வரும் துண்டுச் சீட்டில் 'லிம்ஃபோமா' என்று படித்துவிட்டு "எம் பொண்ணுக்குக் கேன்சரா, ஏன் மறைக்கிறீங்க?" என்று வார்டில் அழும் அப்பாக்களுக்கு விளக்கிச் சொல்வது நர்சுகளின் பாடு. புற்றுநோய்க்காகப் பிறந்த மருந்துதான், ஆனால் அது குறிவைக்கும் பி-செல்களே எம்.எஸ்.ஸிலும் கலகம் செய்பவை. ஸ்வீடனில் 2022இல் வெளியான ஆய்வில் இரண்டு வருடத்தில் மறுபடி தாக்குதல் வந்தவர்கள் டைமீத்தைல் ஃபியூமரேட் எடுத்தவர்களில் 16 சதவீதம், ரிடுக்சிமாப் எடுத்தவர்களில் 3 சதவீதம். 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக கிளாட்ரிபைன், கிளாடிராமர் இரண்டோடு ரிடுக்சிமாபையும் சேர்த்தது.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். இவை எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. ரிடுக்சிமாப் தொடங்கும் முன் ஹெபடைடிஸ்-பி, காசநோய்ப் பரிசோதனை அவசியம்; ஃபிங்கோலிமோட்டுக்கு முன் சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடாலிசுமாப் எடுப்பவர்களுக்கு ஜே.சி. வைரஸ் சோதனை. இதையெல்லாம் கேட்காமல் மருந்தெழுதும் டாக்டரிடம் நீங்கள் கேட்கலாம், தப்பில்லை. ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் இரண்டையும் தன்னிச்சையாக நிறுத்தினால் அடக்கி வைத்தது மொத்தமாகச் சீறிவருவதும் உண்டு. "நாட்டு மருந்து ஆரம்பிக்கிறோம், இங்கிலீஷ் மருந்தை நிறுத்துங்க" என்பவர் அந்தச் சீற்றத்துக்குப் பொறுப்பேற்க வரமாட்டார்.

"வெயில்ல போனா வியாதி முத்திடும்"

கத்திரி வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தால் கண் மங்கும், கால் தள்ளாடும். முத்திவிட்டது என்ற பீதி வரும். ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் 1890இலேயே உடல் உழைப்புக்குப் பின் இப்படிப் பார்வை மங்குவதைப் பதிவு செய்தார். உறை இழந்த நரம்பிழையில் உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி தடைப்படலாம். ஸ்கேன் இல்லாத காலத்தில், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது. சூடு தணிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். புதுக் காயம் எதுவும் இல்லை.

இதனால் வரும் குழப்பம் ஒன்று. புதிய தாக்குதல் என்றால் அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ இருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்றால் லேசான ஜுரம் வந்து கால் தளர்ந்தால் தேவை ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு அல்ல. நல்ல மையங்களில் ஸ்டீராய்டு எழுதும் முன் சிறுநீரைச் சோதிக்கச் சொல்வது இதனால்தான். மற்றபடி மே மாதத்தில் நடைப்பயிற்சியை விடிகாலைக்கு மாற்றுவது, கழுத்தில் ஈரத்துண்டு, ஜில்லென்று ஒரு டம்ளர் மோர் போதும். உடற்பயிற்சியையே விட்டுவிடச் சொல்லும் பழைய அறிவுரை காலாவதியானது.

"இந்த வியாதியோட கல்யாணமா?"

ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டுக்கு அடியில் மறைத்து வைத்த ஊசிப் பெட்டிகளைப் பற்றி எம்.எஸ். உள்ள பெண்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மாமியார் வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்து வைப்பார்கள். பிறகு ஊசியை ஒளிக்க முடியாமல் நிறுத்துவார்கள். அடுத்த தாக்குதலில் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும்.

கர்ப்பம் நோயைக் கிளறும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். ஐரோப்பாவின் 12 நாடுகளில் 254 பெண்களைத் தொடர்ந்து 1998இல் வெளியான ஆய்வு அதைக் கவிழ்த்தது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாக்குதல் சுமார் 70 சதவீதம் குறைந்தது. பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதம் கூடியது. ஆக எச்சரிக்கை வேண்டியது பிள்ளை பிறந்த பிறகு. எம்.எஸ். உள்ளவரின் குழந்தைக்கு அது வரும் வாய்ப்பு, மேலைநாட்டுக் கணக்கில், நூற்றுக்கு இரண்டு மூன்று. ஒரே மரபணு கொண்ட இரட்டையரிலேயே ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது நாலில் ஒரு பங்கு அளவில்தான்.

உண்மையான சிக்கல் மருந்தில். டெரிஃப்ளூனோமைட், ஃபிங்கோலிமோட், கிளாட்ரிபைன் கர்ப்பத்தில் கூடாது. டெரிஃப்ளூனோமைட் நிறுத்திய பிறகும் சிலர் உடலில் இரண்டு வருடம் வரை தங்கும்; கழுவி வெளியேற்றத் தனி மருந்து உண்டு. எனவே குழந்தைத் திட்டத்தை முதல் சீட்டு எழுதும் நாளிலேயே டாக்டரிடம் சொல்வது முக்கியம். கல்யாணமாகாத பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பது என்று டாக்டர் கூச்சப்பட்டால், பெண்ணே சொல்லிவிடலாம்.

அற்புதங்கள், விலைப்பட்டியலோடு

2009இல் இத்தாலியின் ஃபெராரா நகரைச் சேர்ந்த பாவ்லோ சம்போனி, கழுத்துச் சிரைகளில் ஏற்படும் அடைப்புதான் எம்.எஸ்.ஸுக்குக் காரணம், பலூன் வைத்து விரித்தால் போதும் என்றார். அவருடைய மனைவிக்கு எம்.எஸ்.; மோசடிக்காரர் அல்லர், உள்ளத்தால் நம்பியவர். கனடாவிலிருந்து நோயாளிகள் போலந்து, கோஸ்டா ரிக்கா, மெக்சிகோ என்று பறந்தார்கள். சிலர் இந்தியாவுக்கும் வந்து பணம் கட்டிச் சிரையை விரித்துக்கொண்டு போனார்கள். சிலர் உயிரையே இழந்தார்கள். கனடாவில் 104 பேரிடம் முறையாகச் சோதித்து 2017இல் முடிவு வந்தது: பலன் இல்லை. சம்போனியே நடத்திய இத்தாலிய ஆய்வும் அதையே சொன்னது. தன் கருத்துக்கு எதிரான முடிவை அவர் வெளியிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அந்த இடத்தில் 'ஸ்டெம் செல்'. இங்கே இரண்டு வேறு விஷயங்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஒன்று, நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, கீமோதெரபியால் எதிர்ப்பு மண்டலத்தை அழித்துவிட்டு, அவற்றைத் திரும்ப ஏற்றுவது. தேர்ந்தெடுத்த தீவிர நோயாளிகளுக்கு இது உண்மையில் பலன் தருகிறது. 110 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்கள் இந்தச் சிகிச்சை பெற்ற பிரிவில் 3 பேர், மருந்து மட்டும் எடுத்த பிரிவில் 34 பேர். ஆபத்தும் செலவும் பெரிது. வேலை செய்வது ஸ்டெம் செல்லைவிடக் கீமோதெரபி. மற்றொன்று, கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்ததாகச் சொல்லி லட்சங்கள் வாங்கிக்கொண்டு முதுகில் செலுத்துவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் தருவது அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குக் காசு வாங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

தடுப்பூசியால் எம்.எஸ். வருமா என்ற கேள்விக்கு ஒரு வரி போதும். 1998இல் பயத்தில் பிரான்ஸ் பள்ளிகளில் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை நிறுத்தியது; 2001இல் வந்த பெரிய ஆய்வுகள் தொடர்பு இல்லை என்றன; இன்று ரிடுக்சிமாப் தொடங்கும் முன் அதே தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்க"

எம்.எஸ். என்றாலே சக்கர நாற்காலி என்று நினைப்பவர்கள், நடந்து வரும் நோயாளியை நம்புவதில்லை. இன்றைய மருந்துகளைக் காலத்தில் தொடங்கியவர்களில் மிகப் பலர் நடக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு உடம்பே கழன்றாற்போல் வரும் சோர்வு, கூட்டத்தில் பாதியில் கழிப்பறைக்கு ஓட வைக்கும் அவசரம், சொல்ல வந்த சொல் நாக்கில் வராமல் போவது, இவை ஸ்கேனிலும் தெரியாது, முகத்திலும் தெரியாது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் எம்.எஸ். இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது. சலுகைகளுக்கு 40 சதவீத மதிப்பீடு வேண்டும். மதிப்பீட்டுக் குழுவின் முன் கை காலைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். சோர்வைத் தூக்கிக் காட்ட முடியாது. அந்த நாளுக்குப் போகும்போது நரம்பியல் மருத்துவரிடம் சிறுநீர்த் தொல்லை, பார்வை, நினைவாற்றல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. நடந்து பார்க்கச் சொன்னால், அறைக்குள் பத்து அடி நடந்து காட்டுவதோடு நிற்காமல், எத்தனை தூரம் போனால் கால் இழுக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.